சிப்பாய் சீரமைத்த குட்டையும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும்

புது தில்லி:

முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் ஓய்வு பெறுகின்றனர். அரசு அலுவலர்கள் பதவி உயர்வை எதிர்பார்த்திருக்கும் வயதில், அதாவது நாற்பதை ஒட்டிய வயதில், பெரும்பாலான சிப்பாய்கள் சீருடையைக் கழற்றிவிடுகின்றனர். உடலில் வலுவும் உள்ளத்தில் ஒழுங்கும் மிச்சமிருக்கும் இவர்களில் பலர் வங்கி வாசலிலும் தொழிற்சாலைக் கதவருகிலும் காவலர்களாகிவிடுகின்றனர். சிலர் சொந்த நிலத்துக்குத் திரும்புகின்றனர். ஊருக்குத் திரும்பி ஊரையே தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

அந்தச் சிலரில் நாடு முழுவதும் அறிந்த பெயர் அண்ணா ஹசாரே. 2011-ல் தில்லி ராம்லீலா மைதானத்தில் அவர் மேற்கொண்ட உண்ணாவிரதத்தை நினைவில் வைத்திருப்போர் பலர். ஆனால் அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே, ராணுவ லாரி ஓட்டுநராக இருந்து திரும்பிய அவர், வறண்ட ஒரு சிற்றூரில் தொடங்கிய பணியை அறிந்தோர் அவ்வளவு பேர் இல்லை. அந்தப் பணியின் வெற்றியையும் அதன் மீதான விமர்சனங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஒரு சிப்பாயின் ஒழுங்கு பொதுவாழ்வில் எதுவரை செல்லும், எங்கே தடுமாறும் என்பது விளங்கும்.

பூ விற்ற சிறுவன்

மகாராஷ்டிர மாநிலம் அகமத்நகரை (2024-ல் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பட்டது) அடுத்த பிங்கார் என்ற ஊரில் 1937 ஜூன் 15-ல் பிறந்தவர் கிசன் பாபுராவ் ஹசாரே. பாட்டனார் ராணுவத்தில் பணியாற்றியவர். தந்தை மருந்துக்கூடம் ஒன்றில் கூலித் தொழிலாளி. வறுமை காரணமாக குடும்பம் பூர்வீக ஊரான ராலேகண் சித்திக்குத் திரும்பியது. மும்பையில் இருந்த உறவினர் ஒருவர் சிறுவனை அழைத்துச் சென்று படிக்கவைத்தார். ஏழாம் வகுப்புடன் படிப்பு நின்றது. தாதர் ரயில் நிலையம் அருகே பூ விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார்.

தமிழில் போலவே மராத்தியிலும் 'அண்ணா' என்பது மூத்தவரை அழைக்கும் மரியாதைச் சொல். அது பின்னாளில் ஊரார் அளித்த பெயர். ராணுவப் பதிவேட்டில் அவர் கிசன் ஹசாரே மட்டுமே.

1962-ல் சீனாவுடனான போருக்குப் பின் ராணுவத்துக்கு அவசர அவசரமாக ஆள்கள் சேர்க்கப்பட்டனர். உடல் தகுதி விதிகளும் சற்றே தளர்த்தப்பட்டன. உயரம் குறைந்த, மெலிந்த உடல்வாகு கொண்ட ஹசாரேவுக்கு ராணுவப் பணி கைகூடியது இந்தச் சூழலில்தான். ஔரங்காபாதில் பயிற்சி பெற்று லாரி ஓட்டுநரானார்.

1965-ல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது பஞ்சாப் எல்லையில் உள்ள கேம்கரண் பகுதியில் அவர் பணியில் இருந்தார். எதிரிப் படையின் தாக்குதலில் உடன் இருந்த வீரர்கள் உயிரிழக்க, தோட்டா ஒன்று தலையை உரசிச் செல்லத் தாம் மட்டும் தப்பியதாக அவரே பலமுறை கூறியுள்ளார். வாழ்க்கையின் பொருள் என்ன என்ற கேள்வி வாட்டி, ஒரு கட்டத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட எழுந்ததாகவும், புது தில்லி ரயில் நிலையப் புத்தகக் கடையில் வாங்கிய சுவாமி விவேகானந்தரின் சிறு நூல் தம்மைத் தடுத்து நிறுத்தியதாகவும் அவர் நினைவுகூர்வதுண்டு. பிறர்க்கு உழைப்பதே இனி வாழ்க்கை என்று முடிவு செய்தவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பின்னாளில் அவர் அரசியல் தலைவர்களுக்கு எதிராகக் குரல் எழுப்பியபோது, ராணுவத்திலிருந்து ஓடிவந்தவர் என்ற வதந்தி பரப்பப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2011-ல் கேட்கப்பட்ட கேள்விக்கு ராணுவம் அளித்த பதில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 12 ஆண்டுகள் பணியாற்றி 1975-ல் கௌரவமாக விடுவிக்கப்பட்டவர், ஐந்து பதக்கங்கள் பெற்றவர் என்பதே அந்தப் பதில். எந்தச் சட்டத்துக்காக அவர் பட்டினி கிடந்தாரோ, அதே சட்டம் அவரது நற்பெயரைக் காத்தது.

சாராய அடுப்பில் எரிந்த கோயில் மரம்

புணேயிலிருந்து 87 கி.மீ. தொலைவில், பார்னேர் வட்டத்தில் உள்ளது ராலேகண் சித்தி. மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 400 முதல் 500 மி.மீ. மழை பெய்தாலே அதிகம். பெய்வதும் சில நாள்களில் கொட்டித் தீர்த்து, மேட்டு நிலத்து மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். கோடையில் கிணறுகள் வறண்டுபோகும்.

1975-ல் ஹசாரே திரும்பியபோது ஊரில் விளைந்த தானியம் ஊராரின் பசிக்கே போதவில்லை. கல் உடைக்கவும் கூலி வேலைக்கும் அயலூர்களுக்கு நடந்து சென்றனர். இருந்த ஒரே 'தொழில்' கள்ளச் சாராயம். ஏறத்தாழ 40 இடங்களில் சாராயம் காய்ச்சப்பட்டது. ஊர்க் கோயிலின் மரச் சட்டங்களைக்கூடப் பெயர்த்து அடுப்பெரிக்கக் கொண்டு போயினர் என்பதிலிருந்து ஊரின் நிலையை உணரலாம்.

ஹசாரே முதலில் கைவைத்தது அந்தக் கோயிலில்தான். பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் சுமார் ரூ. 20,000 செலவிட்டு சந்த் யாதவ்பாபா கோயிலைப் புதுப்பித்தார். கைக்காசைப் போட்டு ஊர்ப் பொதுச் சொத்தைச் செப்பனிடுபவரை ஊரார் முதன்முறையாகக் கண்டனர். இளைஞர்கள் திரண்டனர். 'தருண் மண்டல்' என்ற இளைஞர் அமைப்பு உருவானது. கோயிலை ஒட்டிய சிறு அறையே அவரது இருப்பிடமானது. ஊர்க் கூட்டமும் அங்கேயே நடந்தது. ராணுவ ஓய்வூதியத்தில் தமது தேவைகளை முடித்துக்கொள்வதாக அவர் கூறிவந்துள்ளார். ஊர்ப் பணத்தில் உண்ணாதவர் என்ற அந்த நம்பிக்கைதான் பின்னர் அவர் வகுத்த கடுமையான விதிகளை ஊரார் ஏற்பதற்கு அடித்தளமானது.

ஓடும் நீர் நடந்தது

கோயிலுக்கு அடுத்தது தண்ணீர். புணே மாவட்டம் சாஸ்வட் அருகே விலாஸ்ராவ் சாளுங்கே என்பவர் 'பாணி பஞ்சாயத்' என்ற பெயரில், சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மழைநீரைத் தேக்கி, பங்கிட்டுக்கொள்ளும் முறையை நடத்திவந்தார். ஹசாரே அங்கு சென்று பார்த்தார். அதையே தமது ஊரில் செய்ய முனைந்தார்.

ராலேகணில் அரசு ஏற்கெனவே கட்டியிருந்த கசிவுநீர்க் குட்டை நீரைத் தேக்காமல் ஒழுகிக் கிடந்தது. ஊரார் உடலுழைப்பைத் தந்து அதைச் சீரமைத்தனர். கசிவுநீர்க் குட்டை நேரடியாக வயலுக்குப் பாய்ச்சுவதற்கானது அல்ல. தேங்கிய நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்க, கீழ்ப்புறக் கிணறுகளில் ஊற்றுப் பெருகும். குட்டை சீரான பிறகு, கோடையிலும் கிணறுகளில் நீர் நின்றது. ஊரார் கண்ணால் கண்ட முதல் பலன் அது.

பின்னர் குன்றின் உச்சியிலிருந்து வேலை தொடங்கியது. சரிவின் குறுக்கே சம உயரத்தில் அகழிகள் வெட்டப்பட்டன. ஓடைகளில் கற்களை அடுக்கிச் சிறு தடுப்புகள் போடப்பட்டன. அவற்றுக்குக் கீழே தடுப்பணைகள் எழுந்தன. சரிவுகளில் மரக்கன்றுகளும் புல்லும் நடப்பட்டன. மேட்டில் வேகத்தை இழந்த நீர் பள்ளத்தில் மண்ணை அரிப்பதில்லை. ஓடிய நீரை நடக்கவைப்பது, நடக்கும் நீரை நிற்கவைப்பது, நிற்கும் நீரை மண்ணுக்குள் இறக்குவது என்பதே இதன் சூத்திரம்.

சேமித்த நீரை எப்படிச் செலவிடுவது என்பதிலும் கட்டுப்பாடு இருந்தது. கரும்பு போன்ற அதிக நீர் குடிக்கும் பயிர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. கரும்பையும் சர்க்கரை ஆலைகளையும் சுற்றியே அரசியல் நடக்கும் மாவட்டத்தில் இது எளிதில் எடுக்கக்கூடிய முடிவு அல்ல. பயறு வகைகள், எண்ணெய் வித்துகள், காய்கறி, தீவனப்பயிர் ஆகியவற்றுக்கு விவசாயிகள் மாறினர். பால் விற்பனை பெருகியது. குக்கடி கால்வாய் நீரைக் கூட்டுறவு முறையில் மேலேற்றிப் பாசனம் செய்யும் ஏற்பாடும் பின்னர் சேர்ந்துகொண்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 70 ஏக்கராக இருந்த பாசனப் பரப்பு 2,500 ஏக்கராக உயர்ந்ததாகக் கூறப்படுகிறது. குன்றில் தேங்கிய மழைநீர், கால்வாயிலிருந்து வந்த நீர் இரண்டும் சேர்ந்த பலன் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஐந்து கட்டளைகள்

ராலேகணின் மாற்றத்துக்கு அடிப்படையாக ஐந்து விதிகள் கூறப்படுகின்றன. மது கூடாது. மரம் வெட்டக் கூடாது. கால்நடைகளைக் கட்டவிழ்த்து மேயவிடக் கூடாது. குடும்ப அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். பொதுப் பணிக்கு உடலுழைப்பைத் தானமாகத் தர வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினால் மற்றவையும் சரியும். ஆடு மாடுகளைத் திறந்துவிட்டால் நட்ட கன்று பிழைக்காது. கன்று பிழைக்காவிட்டால் மண் நிற்காது. மண் அரித்து வந்தால் குட்டை தூர்ந்துபோகும். சாராயத்தில் மூழ்கியவன் உடலுழைப்புக்கு வரமாட்டான்.

பஞ்ச காலத்தில் கடன்காரனிடம் கையேந்தாமல் இருக்க, மிகுதியாக விளைவித்தோர் தந்த தானியத்தைக் கொண்டு தானிய வங்கி தொடங்கப்பட்டது. திருமணச் செலவால் குடும்பங்கள் கடனில் விழுவதைத் தடுக்கக் கூட்டுத் திருமணங்கள் நடத்தப்பட்டன. 1979-ல் கல்வி அறக்கட்டளை ஏற்படுத்தப்பட்டது. வெளியூர்ப் பள்ளிகளில் தேர்வில் தோற்றுத் துரத்தப்பட்ட மாணவர்களையும் இங்குள்ள பள்ளி சேர்த்துக்கொண்டது. வறட்சியில் வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் தவித்த தலித் குடும்பங்களின் நிலத்தை ஊரார் கூடி உழுது பயிரிட்டு, விளைச்சலைக் கொண்டு கடனை அடைக்க உதவியதும் ராலேகணின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

இப்பணிகளுக்காக 1990-ல் பத்மஸ்ரீ விருதும், 1992-ல் பத்மபூஷண் விருதும் ஹசாரேவுக்கு வழங்கப்பட்டன.

பெல்ட்டா, வாக்குச்சீட்டா?

மதுவை ஒழித்த முறைதான் இன்றளவும் அவர் மீதான விமர்சனத்தின் மையம். எச்சரிக்கையை மீறிக் குடித்தவர்கள் கோயில் தூணில் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். ராணுவப் பெல்ட்டால் தாமே அடித்ததை ஹசாரே மறைத்ததில்லை. பிள்ளையின் நன்மைக்காகத் தாய் அடிப்பது போன்றது அது என்பது அவரது வாதம்.

படை முகாமில் மேலதிகாரியின் சொல் சட்டம். குடிமக்கள் வாழும் ஊரில் தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. நல்ல நோக்கத்துக்காக ஒருவர் பெல்ட்டை எடுத்தால், அடுத்தவர் வேறு நோக்கத்துக்காக எடுப்பதை எந்த விதியைக் காட்டித் தடுப்பது என்ற கேள்விக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. ஒற்றைத் தலைவரின் சொல்லே ஊரின் சொல்லாகிவிட்டதாகவும், தலித் மக்கள் மேல்சாதியினரின் பழக்கவழக்கங்களுக்கு இணங்கிப்போக வேண்டியிருந்ததாகவும் ஆய்வாளர்கள் சிலர் குறைகூறியுள்ளனர்.

பெல்ட் தந்த விடையைவிடச் சிறந்த விடை பின்னர் சட்டத்தின் வழியே வந்தது. ஊரில் உள்ள பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் எழுத்து மூலம் கோரினால் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மையினர் விரும்பினால் மதுக்கடையை மூட வேண்டும் என்ற நடைமுறையை மகாராஷ்டிர அரசு ஏற்படுத்தியது. இதை வலியுறுத்தியவர்களில் ஹசாரேவும் ஒருவர். குடிகாரக் கணவனால் துன்புறும் பெண்ணின் கையில் வாக்குச்சீட்டைக் கொடுப்பது, தூணில் கட்டி அடிப்பதைக் காட்டிலும் நீடித்து நிற்கும் வழி என்பதில் ஐயமில்லை.

ஊரிலிருந்து மாநிலத்துக்கு

ராலேகணைப் போலப் பிற ஊர்களையும் உருவாக்க 1992-ல் 'ஆதர்ஷ் காவ்' திட்டத்தை மகாராஷ்டிர அரசு கொண்டுவந்தது. அதே மாவட்டத்தின் ஹிவரே பாஜார் கிராமம் இதில் சேர்ந்து, ராலேகணுக்கு இணையாக உயர்ந்தது. அதன் தலைவர் போபட்ராவ் பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆனால் திட்டத்தில் சேர்ந்த எல்லா ஊர்களும் அப்படி மாறிவிடவில்லை. அரசு நிதியை அனுப்பலாம், பொறியாளரை அனுப்பலாம். ஊரார் நம்பும் ஒருவரை ஆணை பிறப்பித்து அனுப்ப இயலாது.

மத்திய அரசு 2014 அக்டோபர் 11-ல் தொடங்கிய 'சன்சத் ஆதர்ஷ் கிராம்' திட்டத்திலும் இதே பாடம் கிடைத்தது. ஒவ்வொரு எம்.பி.யும் கிராமங்களைத் தேர்ந்து முன்மாதிரியாக்க வேண்டும் என்ற அந்தத் திட்டத்துக்குத் தனி நிதி ஒதுக்கப்படவில்லை. முதல் கட்டத்தில் இருந்த ஆர்வம் அடுத்தடுத்த கட்டங்களில் உறுப்பினர்களிடம் குறைந்துபோனது.

ஊர்ப் பணியில் ஈடுபட்டவருக்கு ஊழல் கண்ணில் படாமல் இருக்காது. 1990-களில் வனத்துறை முறைகேடுகளில் தொடங்கிய ஹசாரேவின் போராட்டம் மாநில அமைச்சர்கள் வரை நீண்டது. அமைச்சர் ஒருவர் தொடர்ந்த அவதூறு வழக்கில் 1998-ல் சிறை செல்லவும் நேர்ந்தது. 2003-ல் நியமிக்கப்பட்ட நீதிபதி பி.பி. சாவந்த் ஆணையம் அமைச்சர்கள் சிலர் மீது குற்றம் கண்டது. அதே ஆணையம், ஹசாரேவின் பிறந்த நாள் விழாவுக்கு அவரது அறக்கட்டளை ரூ. 2.2 லட்சம் செலவிட்டதையும் முறைகேடு என்று சுட்டிக்காட்டியது. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவர் தமது அமைப்பின் கணக்கிலும் பிசகக் கூடாது என்பதை அது உணர்த்தியது.

தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. மகாராஷ்டிரத்தில் வலுவான சட்டம் வேண்டி 2003 ஆகஸ்டில் மும்பை ஆசாத் மைதானத்தில் ஹசாரே உண்ணாவிரதம் இருந்தார். ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களில் நடந்த மக்கள் இயக்கங்களும் சேர்ந்து அழுத்தம் தர, 2005-ல் நாடாளுமன்றம் நாடு முழுவதற்குமான சட்டத்தை இயற்றியது. கோப்புகளில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளை அச்சட்டத்திலிருந்து விலக்க 2006-ல் முயற்சி நடந்தபோது ஆளந்தியில் மீண்டும் உண்ணாவிரதம் இருந்தார். அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது.

அவைகள் இசைந்த நாள்

லோக்பால் மசோதா முதன்முதலில் 1968-ல் மக்களவைக்கு வந்தது. 1969-ல் அங்கு நிறைவேறியும், மாநிலங்களவையில் நிறைவேறும் முன் மக்களவை கலைக்கப்பட்டதால் காலாவதியானது. அதன்பின் பல முறை கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை.

2011 ஏப்ரல் 5-ல் தில்லி ஜந்தர் மந்தரில் ஹசாரே உண்ணாவிரதம் தொடங்கினார். நான்கே நாள்களில், அமைச்சர்கள் ஐவரும் சமூகப் பிரதிநிதிகள் ஐவரும் கொண்ட வரைவுக் குழுவை அமைக்க அரசு இசைந்தது. இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்படாத நிலையில் ஆகஸ்ட் 16-ல் அவர் கைது செய்யப்பட்டு திகார் சிறைக்கு அனுப்பப்பட்டார். பின்னர் ராம்லீலா மைதானத்தில் தொடர்ந்த உண்ணாவிரதத்தின்போது, ஆகஸ்ட் 27 சனிக்கிழமை இரு அவைகளும் கூடி விவாதித்தன. குடிமக்கள் சாசனம், கீழ்நிலை அலுவலர்களையும் வரம்புக்குள் கொண்டுவருதல், மாநிலங்களில் லோக் ஆயுக்த ஆகிய மூன்றுக்கும் கொள்கையளவில் இசைவு தெரிவித்தன. மறுநாள் அவர் உண்ணாவிரதத்தை முடித்தார்.

வீதியில் அமர்ந்து நாடாளுமன்றத்தை நிர்ப்பந்திக்கலாமா என்று அன்று உறுப்பினர்கள் பலர் கேட்டனர். ராலேகணில் பெல்ட்டைப் பற்றி எழுந்த கேள்வியின் மறுவடிவமே அது. எனினும், 40 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மசோதாவைக் கிடப்பில் போட்ட அவைகளுக்கு அக்கேள்வியை எழுப்பும் தார்மிக வலு எவ்வளவு இருந்தது என்பதும் நியாயமான கேள்வியே.

2011 டிசம்பர் 27-ல் மக்களவை நிறைவேற்றிய மசோதா, 29-ம் தேதி நள்ளிரவில் மாநிலங்களவை வாக்கெடுப்பின்றி ஒத்திவைக்கப்பட்டதால் தேங்கியது. அடுத்த ஆண்டில் ஹசாரேவின் சகாக்களில் ஒரு பிரிவினர் ஆம் ஆத்மி கட்சியைத் தொடங்கினர். ஹசாரே கட்சி அரசியலில் சேர மறுத்தார். 2013 டிசம்பர் 17-ல் மாநிலங்களவையும் மறுநாள் மக்களவையும் திருத்தப்பட்ட மசோதாவை நிறைவேற்றின. 2014 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் லோக்பால் தலைவர் பதவியேற்றது 2019 மார்ச்சில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் சட்டம் இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. லோக்பால் இதுவரை ஒருவர் மீதுகூட வழக்குத் தொடர்ந்து விசாரணைக்குக் கொண்டுசெல்லவில்லை என்று 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அதிருப்தி தெரிவித்தது.

திரும்பும் வீரர்களுக்கு வழி

ஹசாரே தனி மனிதராகச் செய்ததை அமைப்பாகச் செய்து காட்டிய முன்னுதாரணமும் உண்டு. 1982-ல் பிராந்திய ராணுவத்தின் கீழ் டேராடூனில் முன்னாள் வீரர்களைக் கொண்ட சுற்றுச்சூழல் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் குவாரிகளால் மொட்டையாகிப்போன முசூரி மலைச்சரிவுகளில் அவர்கள் மரம் நட்டு மண்ணைக் காத்தனர். பின்னர் வேறு மாநிலங்களிலும் இத்தகைய பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன.

2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேரே படையில் நிரந்தரமாக்கப்படுவர். மற்றவர்கள் இருபதுகளிலேயே ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. ஹசாரே தமது தேவைகளை ஓய்வூதியத்தில் முடித்துக்கொண்டார். அதனால்தான் ஊர்ப் பணத்தைத் தொடாமல் ஊர்ப் பணி செய்ய முடிந்தது. வயிற்றுப் பிழைப்புக்கு வழி தேடும் இளைஞரிடம் அதே தியாகத்தை எதிர்பார்ப்பது முறையாகாது. நீர்ப்பிடிப்புப் பணி, காடு வளர்ப்பு, பேரிடர் மீட்பு ஆகியவற்றில் ஊதியத்துடன் கூடிய இடத்தை அரசு அவர்களுக்கு ஒதுக்கினால் பயன் இரு தரப்புக்கும் கிடைக்கும்.

ராலேகணின் குட்டையைக் கட்டியது அரசு. அதை ஒழுகாமல் அடைத்தது ஊர். லோக்பால் சட்டத்தைக் கேட்டுப் பெற்றவர்கள் மக்கள். அதை ஒழுகாமல் காக்கும் பொறுப்பு சட்டம் இயற்றிய அவைகளுக்கு உண்டு.